ஏழாவது கேள்விக்கு நான் எழுதிய விடை

போன செவ்வாய்க்கிழமை கூட்டத்திலிருந்து நான் பாதியில் எழுந்து போனதற்கு நீங்கள் ஆறு பேரும் ஆளுக்கொரு காரணம் சொல்லியிருப்பீர்கள். சர்க்கரை இறங்கிவிட்டது என்று ஒருவர் சொன்னாராம். கோபித்துக்கொண்டு போய்விட்டேன் என்று இன்னொருவர். இரண்டும் இல்லை. அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன், வாசலுக்குப் போனால் எதற்கு வந்தேன் என்று மறந்துபோகிறது. சொல்லிவிட்டால் குறையுமோ என்று எழுதுகிறேன்.

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவியல் கேள்விகளைத் தரம் பார்த்துக் கொடுக்கத்தானே, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்று நம் ஏழு பேரையும் கோவில்பட்டியில் அந்த அறையில் உட்காரவைத்தார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே நாலு கட்டம். மொழி புரிகிறதா, வயதுக்கு ஏற்றதா, சரியான விடை ஒன்றே ஒன்றுதானா, விடைக்குறிப்பு சரியா. நீங்கள் எல்லாரும் மளமளவென்று டிக் போட்டுக்கொண்டு போனீர்கள். நான் ஒன்றில் நின்றுவிட்டேன். 'செடிக்கு நாம் தண்ணீர் ஊற்றாவிட்டால் என்ன ஆகும்?' விடைக்குறிப்பு, 'வாடிவிடும்'.

"புதூர்ப் பக்கத்துப் பிள்ளை இதுக்கு என்ன எழுதும்?" என்று கேட்டேன். "அங்கன கொண்டைக்கடலைக்கு யாரு தண்ணி ஊத்துதா? மண்ணுல இருக்க ஈரத்துலயும் பனியிலயும் வளந்து காய்ச்சிருது. 'ஒண்ணும் ஆகாது'ன்னு எழுதும். அதுக்குத் தப்பு போடுவீங்களா?"

சிரித்தீர்கள். அது தப்பில்லை, நானும் சிரித்திருப்பேன். நம்மில் மூத்தவர்தான் சொன்னார்: "டீச்சர், ஒரு கேள்விக்கு ஒரு காலைப் பொழுதே போச்சு. எவனோ ஒருத்தன் அப்படி எழுதுனா ஒரு மார்க்கு போவும். அதுல என்ன குடி முழுகிப் போச்சு?"

அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதைக் கேட்டபிறகு என்னால் அந்த நாற்காலியில் இருக்க முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

எங்கள் ஊர் பசுவந்தனைக்கும் ஓட்டப்பிடாரத்துக்கும் நடுவில், பஸ் நிற்கிற ரோட்டிலிருந்து ஒன்றரை மைல் கரிசலுக்குள் இருந்தது. அப்பா அங்கே உபதேசியார். போதகர் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் நடத்துவது, மணி அடிப்பது, சாவு வீட்டுக்குப் போவது எல்லாம் அப்பாதான். கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே கட்டடம். ஞாயிற்றுக்கிழமை பாய் விரித்தால் கோயில், திங்கட்கிழமை பாயைச் சுருட்டினால் பள்ளிக்கூடம். ஒரே கூடத்தில் ஐந்து வகுப்பு. இரண்டாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்லுகிற சத்தத்துக்குள் நாங்கள் பாடம் கேட்கவேண்டும்.

ஐந்தாம் வகுப்பில் இருபத்து மூன்று பேர். இருபத்திரண்டு வீட்டில் தீப்பெட்டி ஒட்டினார்கள். எங்கள் வீட்டில் மட்டும்தான் இல்லை. அது எனக்குப் பெரிய குறை. பள்ளி விட்டதும் எல்லாருக்கும் வேலை இருந்தது, எனக்கு இல்லை. அதனால் நேரே என் கூட்டாளி வீட்டுக்குப் போய்விடுவேன்.

அவளைப் பற்றி என்ன சொல்ல? கையில் எப்போதும் பசை காய்ந்து தோல் உரிந்த மாதிரி இருக்கும். மைதாப் பசை, ஆடும் எலியும் தின்னாமல் இருக்க அதில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவார்கள். புளித்த மாவும் செம்பும் கலந்த ஒரு வாடை. இன்றைக்கும் புதுப் புத்தகத்தின் அட்டையைப் பிரித்தால் எனக்கு அந்த வாடைதான் முதலில் வருகிறது. அவள் அம்மா நீலத்தாளை வெட்டிப் போட, இவள் மடித்து ஒட்டி முற்றத்து வெயிலில் எறிவாள். ஒட்டிக்கொண்டே வாயால் கணக்குப் போடுவாள். நான் சிலேட்டில் போட்டு முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுவாள். அவள் விரல் நிற்கவே நிற்காது.

அவளுடைய அக்காவுக்குத் தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லுகிற தொழிற்சாலையில் வேலை. பெட்டியின் பக்கவாட்டில் மருந்து தடவுகிற பகுதி. அந்த அக்காவின் விரல் நுனியெல்லாம் செம்பழுப்பாக இருக்கும். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

ஒரு நாள் அக்கா கொண்டுவந்த குச்சி ஒன்றை எடுத்து நான் அம்மிக்கல்லில் உரசினேன். பற்றவில்லை. சுவரில் உரசினேன். மருந்து உதிர்ந்துபோயிற்று.

"ஏட்டி, அதுல எப்படிப் பத்தும்?" என்றாள் கூட்டாளி. "குச்சியில இருக்கது குளோரேட்டு. பாஸ்பரஸு பெட்டியிலல்லா இருக்கு. ரெண்டும் ஒரசுனாத்தான் பத்தும். வேணும்னா எங்கக்காகிட்டக் கேளு."

அக்கா தன் விரலைக் காட்டிச் சிரித்தாள். "இதான்ட்டி பாஸ்பரஸு. நல்லாப் பாத்துக்கோ."

பார்த்துக்கொண்டேன். இதை நான் அழுத்திச் சொல்லவேண்டும். அதை நான் கண்ணால் பார்த்தேன். எனக்குத் தெரியும்.

எங்கள் டீச்சர் அந்த வருஷம்தான் வேலைக்கு வந்திருந்தார். தேரிக்காட்டுப் பக்கத்துக்காரர், செம்மண்ணிலிருந்து வந்தவர். ஒரு தகரப்பெட்டியோடு வந்து இறங்கி, கோயிலை ஒட்டிய ஓர் அறையில் இருந்தார். இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதுதான் இருக்கும். அன்றைக்கு எனக்கு அவர் பெரிய மனுஷி. இடதுகையால் எழுதுவார். அதற்காக ஊரில் சிலர் முகம் சுளித்தார்கள். மழை பெய்த மறுநாள் எங்களைக் கரிசலில் இறக்கி, ஒரு காலில் எவ்வளவு மண் ஒட்டுகிறது என்று தராசில் நிறுக்கச் சொன்னார். "புள்ளைகளைச் சகதியில விட்டு வெளையாட்டுக் காட்டுதா" என்று ஊரில் பேச்சு. அப்பாவும் அப்படித்தான் சொன்னார். பரீட்சை என்றால் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லுவார்: "பாத்ததை எழுதுங்க. பாக்காததை எழுதாதீங்க."

மாசி மாதம் ஒரு பரீட்சை வந்தது. எங்கள் போதகரின் பொறுப்பில் இருந்த சேகரத்தின் ஏழெட்டு சிற்றூர்ப் பள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே கேள்வித்தாள். ஒவ்வொரு பள்ளியிலும் முதலாவதாக வருகிற பிள்ளைக்கு டவுனில் விடுதியோடு சேர்ந்த பள்ளிக்கூடத்தில் இடம். ஆறாம் வகுப்பிலிருந்து கடைசிவரை படிக்கலாம். எங்கள் ஊரில் அது யாருக்கு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. என் கூட்டாளிக்குத்தான். எனக்கும் சந்தேகம் இல்லை. அப்பாவுக்கு மட்டும் ஓர் ஆசை இருந்தது. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஒரு சின்னப் பொது அறிவுப் புத்தகம் வாங்கிவந்து, தினமும் விளக்கு வைத்ததும் என்னிடம் கேள்வி கேட்பார். பச்சை அட்டை. அதில் ஒரு வரி இருந்தது: 'தீக்குச்சியில் இருப்பது எது? பாஸ்பரஸ்.'

"அப்பா, அது பெட்டியிலல்லா இருக்கு" என்றேன்.

"புத்தகத்துல போட்டிருக்கவன் ஒன்னவிட முட்டாளா?" என்றார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

பரீட்சைக்கு முந்தின நாள் பருவம் தப்பி ஒரு மழை. மறுநாள் காலையில், பரீட்சை நடத்தித் தாளைத் திருத்தவேண்டிய ஆய்வாளர் ரோட்டிலிருந்து நடந்து வந்தார். பாதி வழியிலேயே ஒரு செருப்பு கரிசலுக்குள் போய்விட்டது. மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால்வரை கறுப்பாக வந்து நின்றார். நாங்கள் சிரித்தோம். டீச்சர் அதட்டினார். அவர் கால் கழுவ மூன்று குடம் தண்ணீர் செலவாயிற்று. அந்தச் சிரிப்பும் பின்னால் நடந்ததில் ஒரு பங்கோ என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

அறிவியலில் பத்துக் கேள்வி. ஏழாவது: 'தீக்குச்சியின் முனையில் உள்ள வேதிப்பொருள் எது?'

கூடத்தில் எல்லாப் பென்சிலும் ஓடிற்று. அவ்வளவு எளிதான கேள்வியை அவர்கள் அதுவரை கண்டதில்லை. நான் மட்டும் நின்றேன். எனக்கு இரண்டு விடை தெரியும். ஒன்று பார்த்தது, மற்றது படித்தது. இந்தக் கேள்வியைப் போட்டவர் தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிருக்க மாட்டார், எங்கள் வீட்டில் இருக்கிற மாதிரி ஒரு புத்தகத்தைப் பார்த்துத்தான் போட்டிருப்பார் என்று பத்து வயதில் நான் யோசித்தேன். உண்மை எது என்று அந்த நேரத்தில் நான் யோசிக்கவே இல்லை. அவருக்கு எது வேண்டும் என்று யோசித்தேன். 'பாஸ்பரஸ்' என்று எழுதினேன்.

ஆய்வாளர் அங்கேயே உட்கார்ந்து திருத்தினார். நாங்கள் வேப்பமரத்தடியில் இருந்தோம். கொஞ்ச நேரத்தில் உள்ளே கூப்பிட்டார். தாள்களை மேஜையில் விசிறி மாதிரி பரப்பி வைத்திருந்தார்.

"இதென்னம்மா? இருபத்திரண்டு பேரும் ஒரே தப்பு. ஒரே வார்த்தை. குளோரேட்டு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த வார்த்தை எப்படித் தெரியும்? நீங்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள்."

"நான் சொல்லல சார்" என்றார் டீச்சர். "இவுங்க வீட்டுல தெனமும் பேசுத வார்த்தை. அதோட, அது தப்பில்ல சார். கேள்விதான் தப்பு."

அவர் முகம் மாறிற்று. டீச்சர் நிறுத்தவில்லை. "ஒங்ககிட்ட தீப்பெட்டி இருக்கா சார்?"

அவர் சிகரெட் பிடிப்பவர். சட்டைப்பையில் இருந்தது. டீச்சர் ஒரு குச்சியை எடுத்து சிலேட்டில் உரசினார், சுவரில் உரசினார், மேஜைக் காலில் உரசினார். பற்றவில்லை. இன்னொன்றைப் பெட்டியில் உரசினார். பற்றிற்று. இடதுகையில் அதைப் பிடித்தபடி சொன்னார்: "முனையிலயே பாஸ்பரஸ் இருந்தா எதுல ஒரசுனாலும் பத்தணும்லா சார்?"

இரண்டாம் வகுப்பின் வாய்ப்பாட்டுச் சத்தம் நின்றுபோயிற்று. ஆய்வாளர் அணைந்த குச்சியையே பார்த்தார். அவர் ஒத்துக்கொண்டுவிடுவார் என்றுதான் எனக்குத் தோன்றிற்று. இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அப்போது அவர் கண்ணில் என் தாள் பட்டது.

"அப்படியென்றால் இந்த ஒரு பிள்ளை மட்டும் எப்படிச் சரியாக எழுதிற்று? யார் இது?"

"உபதேசியார் மக" என்று யாரோ சொன்னார்கள்.

"இங்கே வா. இதை நீயாகப் படித்து எழுதினாயா?"

"ஆமா சார்." அது உண்மை.

"உங்கள் டீச்சர் மற்றவர்களுக்கு விடை சொன்னாரா?"

டீச்சர் சொல்லவில்லை. பரீட்சை முழுக்க வாசல்பக்கம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி எனக்கு வரும்: பின்னே நீ ஏன் பாஸ்பரஸ் என்று எழுதினாய்?

"தெரியாது சார்" என்றேன்.

"உபதேசியார் மகள். பயத்தில் மறைக்கிறது" என்று சொல்லி அவர் தாள்களை அடுக்கினார்.

டீச்சர் என்னைத் திட்டவில்லை. திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். விரலில் சூடு பட்டிருந்ததோ என்னவோ, கையை உதறிக்கொண்டே வெளியே போனார்.

இருபத்திரண்டு பேருக்கும் அறிவியல் மார்க் ரத்து. நான் முதலாவது. அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா ஜெபத்தில் எனக்காக நன்றி சொன்னபோது கூடத்தில் பாதிப் பேர் 'ஆமென்' சொல்லவில்லை. டீச்சரைப் பற்றி மேலிடத்துக்கு ஒரு கடிதம் போயிற்று. அதில் ஊர்ப் பெரியவர்களோடு அப்பாவும் கையெழுத்துப் போட்டார். அப்பா கெட்டவர் இல்லை. பொய்க் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவரும் இல்லை. தன் மகள் பயந்துபோய் உண்மையை மறைத்தாள் என்று ஆய்வாளர் சொன்னதை நம்பினார். அவர் சாகும்வரை நான் திருத்தவில்லை.

கோடை விடுமுறைக்கு முன்னால் டீச்சருக்கு மாற்றல் வந்தது. புதூருக்கும் அந்தப்பக்கம் ஒரு பள்ளி. தகரப்பெட்டியை மாட்டுவண்டியில் ஏற்றும்போது எல்லாப் பிள்ளைகளும் கூட நின்றார்கள். நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். ஆனி மாதம் நான் விடுதிக்குப் போனேன். என் கூட்டாளி அக்காவோடு தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் ஏறினாள்.

நான் டீச்சரானது எப்படி என்று இனி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. முப்பத்தாறு வருஷம். கேள்வித்தாள் தயாரிக்கும்போது ஒவ்வொரு கேள்விக்கும் வேறு விடை உண்டா என்று தேடிப் பார்ப்பேன். பிள்ளை எழுதுகிற தப்பான விடையைச் சிவப்பு மையால் அடிக்குமுன் கூப்பிட்டு, "இத எங்க பாத்த?" என்று கேட்பேன். நல்ல டீச்சர் என்றார்கள். எனக்குத் தெரியும், அது பயம்.

செவ்வாய்க்கிழமை எழுந்து வந்தவள் நேரே என் கூட்டாளியின் வீட்டுக்குப் போனேன். கோவில்பட்டியிலேயே மகள் வீட்டில் இருக்கிறாள். கல்யாணம், சாவு என்று நாங்கள் அவ்வப்போது பார்த்துக்கொள்வதுதான். அதைப் பற்றி மட்டும் பேசியதில்லை. முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வா வா. என்னட்டி, வெயில்ல இப்படி வேர்த்து விறுவிறுத்து வாரே?"

உட்காராமலே சொல்லிவிட்டேன். புத்தகம், அவள் அக்காவின் விரல், எல்லாம். தெரிந்துதான் எழுதினேன் என்று சொன்னேன்.

தைலம் தேய்த்த கை நின்றது. அவள் கை நின்று நான் பார்த்ததே இல்லை.

"தெரிஞ்சா எழுதுன?" என்றாள். "நீ தீப்பெட்டி ஒட்டாத வீட்டுப் பிள்ள, அறியாம எழுதிட்டன்னுல்லா நான் இத்தன வருசமா நெனச்சிக்கிட்டிருக்கேன். எங்கம்மா ஒன்னய ஏசுனப்பகூட, அவளுக்கென்ன தெரியும் பாவம்னு நாந்தான் சண்டை போட்டேன்."

நின்றபடியே முந்தானையால் முகத்தைத் துடைத்தேன்.

"படிப்பு போனது போவட்டும். எனக்கும் மூணு பிள்ளைய வளத்தாச்சு. டீச்சர் சொல்லலன்னு ஒனக்குத் தெரியும்லா? பெறவு ஏன் தெரியாதுன்ன?"

"பயமா இருந்துச்சு."

"யாருக்கு இல்ல? நாங்க இருவத்திரெண்டு பேரும் அங்கனதான நின்னோம்?" தைலப் புட்டியை மூடிவிட்டுக் கேட்டாள்: "டீச்சர் இப்ப இருக்காவளா?"

"தெரியல."

"போயிக் கேட்டுட்டு வா. அதுக்கு முன்ன எங்கிட்ட மன்னிப்பு கின்னிப்புன்னு பேசாத."

காப்பி கொடுத்தாள். குடித்தேன். வாசல்வரை வரவில்லை.

இன்று காலையில் புதூர் போய், அங்கிருந்து மினி பஸ்ஸில் அந்த ஊருக்குப் போனேன். பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம். அங்கே யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பழைய பதிவேடு கரையான் தின்றுபோயிற்றாம். வெளியே ஆடுகளை ஓடைப்பக்கம் பத்திக்கொண்டு போன ஒருவரிடம் கேட்டேன். ஐம்பத்தைந்து, அறுபது வயது இருக்கும்.

"இடதுகை டீச்சரா? எனக்கு மூணாப்புலருந்து அஞ்சாப்பு வரைக்கும் அவியதான்" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. "நல்லாச் சொல்லித்தருவாவ. ஆனா எங்களை எழுதவே விடமாட்டாவ. பரீட்சைன்னா ஒவ்வொருத்தரா மரத்தடிக்குக் கூப்பிட்டு வாயாலதான் கேப்பாவ."

"ஏன் அண்ணாச்சி?"

"நாங்களும் கேட்டோம். எழுதுனா அந்தத் தாள வேற யாராவது வந்து திருத்துவாங்கலேன்னு சொன்னாவ." ஆடு ஒன்று வேலிக்குள் நுழைய, கல்லை எடுத்து எறிந்துவிட்டுத் தொடர்ந்தார்: "எங்க அம்மா சாவுக்கு வந்திருந்தாவ. அது ஆச்சு ஏழெட்டு வருசம். தங்கச்சி மகனோட தேரிப்பக்கமே போயிட்டேன்னாவ." ஊர்ப் பெயரும் சொன்னார்.

நின்ற இடத்திலேயே கூட்டாளிக்குப் போன் போட்டேன். கேட்ட எல்லாவற்றையும் சொன்னேன். எழுதவே விடமாட்டார் என்றதை மட்டும் இரண்டாம் தடவையும் சொல்லச் சொன்னாள்.

"நாளைக்குக் காலையில போறேன்" என்றேன்.

"தனியாப் போவாத" என்றாள். "அவிய என்ன கேட்டாலும் நீ மறுபடியும் தெரியாதுன்னு சொல்லிட்டு வந்துருவ. ஏழு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல நில்லு. நானும் வாரேன்."